அரை அடி மண்ணுக்கு ஆயுள் பகையா?



பக்கத்து வீட்டாரோடு மனஸ்தாபம் என்று யாரிடம் போய்ச் சொன்னாலும், "விட்டுக் கொடுத்துப் போங்கம்மா" என்றுதான் புத்தி சொல்கிறார்கள். குழாயடிச் சண்டைக்கும் பிள்ளைகள் சண்டைக்கும் அது நல்ல மருந்துதான். ஆனால் தோட்டத்து எல்லைத் தகராறுக்கு அந்த மருந்து கேட்காது என்பது என் கருத்து. விட்டுக் கொடுத்தவர், "என் மண்ணை எடுத்துக்கிட்டாங்க" என்று உள்ளுக்குள் புழுங்கிக்கொண்டே இருப்பார். வாங்கிக் கொண்டவரோ, "அது எங்களுதுதானே, இவங்க என்ன பெரிசா விட்டுக் கொடுத்துட்டாங்க" என்று நினைப்பார். ஒருத்தருக்கு நிம்மதி இல்லை, இன்னொருத்தருக்கு நன்றி இல்லை. பிள்ளைகள் தலையெடுத்ததும் அதே சண்டை மறுபடியும் முளைக்கும்.

எல்லைத் தகராறுக்கு எனக்குத் தெரிந்த வழி ஒன்றே ஒன்று. முதலில் அளவு, பிறகுதான் பேச்சு. விட்டுக் கொடுப்பதாக இருந்தாலும், அளந்து பார்த்து, இது என்னுடையது என்று தெரிந்த பிறகு கொடுத்தால்தான் அதற்கு மரியாதை. இன்னொன்றும் சொல்கிறேன், சிரிக்காதீர்கள். அந்த அளவு வேலையை முன்னால் நின்று நடத்த வேண்டியவர்கள் வீட்டில் இருக்கும் பெண்களாகிய நாம்தான்.

ஏன் என்கிறீர்களா? ஆண்கள் காலையில் வேலைக்குப் போனால் ராத்திரிதான் வருகிறார்கள். வேலிக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பகல் முழுக்க நடமாடுவது நாம்தான். துணி உலர்த்துவது, பாத்திரம் துலக்குவது, கீரை பறிப்பது எல்லாம் அந்த வேலியோரத்தில்தானே? ஆண்கள் திண்ணையில் நின்று அரைமணி நேரம் கத்திவிட்டுப் போய்விடலாம். அதற்கு அப்புறம் முகத்தைத் திருப்பிக்கொண்டு வருஷக்கணக்கில் பக்கத்துப் பக்கத்தில் குடித்தனம் நடத்த வேண்டியது யார்?

எங்கள் ஊர் செஞ்சியில், எங்கள் தெரு வீடுகளுக்குப் பின்னால் கொஞ்சம் தோட்டம் உண்டு. எங்களுக்கும் பக்கத்து வீட்டுக்கும் நடுவில் பெரியவங்க காலத்தில் நட்ட கிளுவை வேலி இருந்தது. 2024 நவம்பர் 30-ஆம் தேதி ராத்திரி ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி பக்கம் கரையைக் கடந்ததும் எங்கள் விழுப்புரம் மாவட்டம் பட்ட பாடு எல்லோருக்கும் தெரியும். சங்கராபரணி ஆற்றில் வெள்ளம் புரண்டது. அந்த மழையில் எங்கள் கிளுவை வேலியும் பாதிக்கு மேல் சாய்ந்துவிட்டது.

பொங்கல் கழிந்ததும் பக்கத்து வீட்டு அண்ணன் ஆள் வைத்து, கருங்கல் தூண் நட்டு, முள்கம்பி இழுத்தார். சாயங்காலம் வந்து பார்த்த என் வீட்டுக்காரர், "அரை அடி உள்ளே வந்துட்டாங்க" என்றார். "பழைய வேலி இருந்த இடத்துலதான் நட்டிருக்கேன்" என்றார் அவர். பேச்சு தடித்தது. வேலியோரம் இருக்கும் எங்கள் முருங்கை மரத்துக்குத் தாவியது. மழைக்காலத்தில் அந்த மரத்துக் கம்பளிப்பூச்சி அவங்க துணி காய்கிற பக்கம் விழுவது உண்மைதான். "மரத்தை வெட்டுங்க" என்று அவரும், "கல்லைப் பிடுங்குங்க" என்று இவரும். அதோடு ரெண்டு வீட்டுக்கும் பேச்சு நின்றுபோனது.

வேற ஊரிலிருந்து வாக்கப்பட்டு வந்த எனக்கு இந்த ஊரில் கிடைத்த முதல் சினேகிதி அந்த வீட்டு அக்காதான். ஆனால் எங்கள் ரெண்டு பேரை விடவும் அதிகம் கஷ்டப்பட்டது என் மாமியாரும், அக்காவின் மாமியாரும். ரெண்டு பேருக்கும் எழுபது வயசுக்கு மேல் ஆகிறது. தினமும் மூணு மணிக்கு வேலிக்கு அந்தப் பக்கம் ஒருத்தர், இந்தப் பக்கம் ஒருத்தர் உட்கார்ந்து வெற்றிலை இடித்துக்கொண்டே பேசுவார்கள். "நமக்கு எதுக்குப் பொல்லாப்பு" என்று அதுவும் நின்றது. என் மாமியார் மூணு மணி ஆனால் கொல்லை வாசற்படியில் வந்து சும்மா உட்கார்ந்திருப்பார். அவங்க ரெண்டு பேருக்கும் அரை அடியும் தெரியாது, சர்வே நம்பரும் தெரியாது. தண்டனை மட்டும் அவங்களுக்கு.

ஒருநாள் பேப்பரும் பேனாவும் எடுத்துக் கணக்குப் போட்டுப் பார்த்தேன். வேலி நீளம் 60 அடி. அதில் அரை அடி என்றால் 30 சதுர அடி. ஒரு சென்ட் என்பது 435.6 சதுர அடி. அப்படியென்றால் நாம் அடித்துக்கொள்வது ஒரு சென்டில் பதினாலில் ஒரு பங்குகூட இல்லாத மண்ணுக்கு! ஆனாலும் "போனால் போகட்டும்" என்று எனக்குச் சொல்லத் தோன்றவில்லை. நாளைக்கு வீட்டை விற்கவோ, பேங்கில் கடன் வாங்கவோ போனால் பத்திரத்தில் இருக்கும் அளவு தரையில் இருக்க வேண்டும். அதுவும் இல்லாமல், நம்முடைய இடத்தைத் தன்னுடையது என்று சொல்லி, ஒருவர் நாம் பார்க்க வெளிப்படையாக 12 வருஷம் விடாமல் அனுபவித்துவிட்டால், அதைத் திருப்பிக் கேட்கும் உரிமையே போய்விடக்கூடும் என்கிறது 1963-ஆம் வருஷத்துக் காலவரையறைச் சட்டம். ஆகவே வாய் மூடிப் பொறுத்துப் போவதும் வழி இல்லை, வாய்ச்சண்டையும் வழி இல்லை.

அந்த அக்காவை ரேஷன் கடை வரிசையில் பார்த்தபோது, "அக்கா, வேலி யாருதுன்னு நீங்களும் சொல்ல வேணாம், நானும் சொல்ல வேணாம். உங்க பத்திரத்தை எடுத்துக்கிட்டு வாங்க, எங்களுதை நான் எடுத்து வைக்கிறேன். அது என்ன சொல்லுதுன்னு பார்ப்போம்" என்றேன். அவங்க கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம், "நானும் அதைத்தாம்மா நெனச்சுக்கிட்டிருந்தேன். நான் வந்தா எங்க வீட்டுல என்ன சொல்வாங்களோன்னு இருந்துட்டேன்" என்றார்கள்.

மறுநாள் மத்தியானம் எங்கள் திண்ணையில் ரெண்டு பத்திரத்தையும் விரித்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தோம். நாங்கள் ரெண்டு பேரும் அதுவரைக்கும் அந்தப் பத்திரங்களைப் பீரோவில் பார்த்ததோடு சரி. நகைக்கடை ரசீது எந்த டப்பாவில் இருக்கிறது என்று நமக்குத் தெரியும். வீட்டு சர்வே நம்பர் என்ன என்று கேட்டால் நம்மில் எத்தனை பேர் சொல்வோம்? தமிழ்நாட்டில் 1989-லிருந்தும், நாடு முழுக்க 2005-லிருந்தும் இந்து வாரிசுரிமைச் சட்டத்தில் பூர்வீகச் சொத்தில் மகளுக்கும் பங்கு உண்டு என்று வந்துவிட்டது. பங்கு நமக்கு உண்டு, காகிதம் மட்டும் ஆண்களுக்கா?

பத்திரம் படிப்பது ஒன்றும் பெரிய வித்தை இல்லை. சொத்து விவரத்தில் செக்குபந்தி என்று ஒரு பகுதி இருக்கும். நான்கெல்லை என்பது அதுதான். இன்னார் மனைக்குக் கிழக்கு, தெருவுக்கு மேற்கு என்று நாலு பக்கமும் சொல்லி, "இதன் மத்தியில்" என்று நீள அகலம் எழுதியிருப்பார்கள். எல்லைக்கும் பரப்பளவுக்கும் முரண்பாடு வந்தால் பொதுவாகக் கோர்ட்டில் எல்லைக்குத்தான் முக்கியத்துவம் என்று ஒரு வக்கீலம்மா எங்களுக்குச் சொன்னார். பட்டாவும் புலப்படமும் வருவாய்த்துறையின் இணையப் பக்கத்திலேயே பார்க்கலாம். புலப்படம் என்பது அந்த சர்வே நம்பரின் ஒவ்வொரு பக்கமும் எவ்வளவு நீளம் என்று கோடு போட்டுக் காட்டும் வரைபடம். பள்ளிக்கூடத்தில் படிக்கும் பிள்ளையைக் கேட்டால் போனிலேயே எடுத்துக் கொடுத்துவிடும்.

பத்திரங்கள் ஒத்துப் போயின. தரையில் கோடு எங்கே என்பதுதான் பாக்கி. அளந்து முடிகிற வரைக்கும் கல்லையும் தொடக்கூடாது, மரத்தையும் தொடக்கூடாது என்று ரெண்டு பேரும் பேசி முடித்தோம். அவரவர் வீட்டுக்காரரைச் சம்மதிக்க வைப்பது அவரவர் பொறுப்பு. நில அளவைக்குப் பணம் கட்டி மனுக் கொடுத்தோம், செலவு ஆளுக்குப் பாதி. எங்கள் முறை வந்து, சர்வேயர் அளக்க வந்த அன்று ரெண்டு குடும்பமும் தோட்டத்தில் இருந்தோம். டேப்பின் ஒரு முனையை என் பையன் பிடித்தான். இன்னொரு முனையை அவங்க பையன் பிடித்தான். ரெண்டும் ரெண்டு மாசமாகப் பேசாத பிள்ளைகள்.

அளந்ததில் தெரிந்தது என்ன தெரியுமா? தெருப் பக்கத்துக் கல் எங்கள் பக்கம் ஏழு அங்குலம் வந்திருந்தது. கிணற்றுப் பக்கத்துக் கல் சரியாகக் கோட்டிலேயே இருந்தது. என் வீட்டுக்காரர் சொன்னதும் பொய் இல்லை, அந்த அண்ணன் சொன்னதும் பொய் இல்லை. அவர் பழைய வேலி இருந்த இடத்தில்தான் நட்டிருக்கிறார். நகர்ந்தது வேலி! கிளுவை உயிருள்ள வேலி. தடிக்கத் தடிக்க இடத்தை அடைக்கும். பட்டுப்போன இடத்தில் புதுக் கம்பு நடும்போது ஒரு சாண் இப்படியோ அப்படியோ போய்விடும். முப்பது நாற்பது வருஷத்தில் கோடு வளைந்துவிட்டது. இதில் திருடன் யாரும் இல்லை. அளக்காமல் இருந்திருந்தால் காலம் பூராவும் ஒருத்தரை ஒருத்தர் திருடன் என்றே நினைத்துக்கொண்டிருப்போம்.

முருங்கை மரம் எங்கள் எல்லைக்குள் இருந்தது, கிளை அவங்க பக்கம். நாலு கல்லை மட்டும் பிடுங்கி நட்டோம், கூலி ஆளுக்குப் பாதி. காய்ப்பு முடிந்ததும் வருஷா வருஷம் மரத்தைக் கழிப்பது எங்கள் பொறுப்பு, அவங்க பக்கம் காய்ப்பது அவங்களுக்கு. இதையெல்லாம் ஒரு வெள்ளைத் தாளில் எழுதி, நாலு பேரும் கையெழுத்துப் போட்டு ஆளுக்கு ஒன்று வைத்துக்கொண்டோம்.

"கோர்ட்டில் பார்த்துக்கலாம்" என்று மீசையை முறுக்குகிறவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். எல்லை வழக்குப் போட்டாலும் கோர்ட் என்ன செய்யும்? ஒரு வக்கீலைக் கமிஷனராக நியமித்து, சர்வேயரோடு போய் இடத்தை அளந்து அறிக்கை கொடு என்று சொல்லும். ஆக, வருஷக்கணக்கில் வாய்தா வாங்கி, செலவு செய்து, கடைசியில் அதே வேலியோரத்தில் அதே டேப்பைத்தான் பிடிக்கப் போகிறார்கள். அதை முதல் மாசத்திலேயே செய்துவிட்டால் என்ன குறைச்சல்?

எங்கள் ஊர்க் கோட்டையை முகலாயப் படை 1690-ல் முற்றுகை போட ஆரம்பித்து 1698-ல்தான் பிடித்தது. உள்ளே இருந்தது சிவாஜி மகாராஜாவின் பிள்ளை ராஜாராம். அவரும் கோட்டை விழுவதற்கு முன்னால் தப்பித்துப் போய்விட்டார். மூணு மலையையும் வளைத்துக் கட்டிய அவ்வளவு பெரிய கோட்டைக்கே எட்டு வருஷம்தான். ஒரு முள்வேலிக்காக அதைவிட அதிக வருஷம் கோர்ட் படி ஏறின குடும்பங்கள் நம் நாட்டில் எத்தனையோ உண்டு.

இது நம் பக்கத்து வியாதி மட்டும் இல்லை. யாழ்ப்பாணத்திலிருந்து வந்து தங்கிய ஒரு அம்மா எனக்குச் சொன்னது இது. அங்கே வேலிக்கு நடும் கம்பைக் கதியால் என்பார்களாம். வருஷா வருஷம் வேலி அடைக்கும்போது கதியாலை ஓர் அங்குலம் தள்ளி நட்டார்கள் என்றுதான் பாதிச் சண்டை. யாழ்ப்பாணத் தமிழர்களின் வழக்கங்களை டச்சுக்காரர்கள் 1707-ல் தேசவழமை என்று சட்டமாகத் தொகுத்தபோது, வேலி தாண்டிச் சாய்கிற மரத்தின் பலனைப் பற்றிக்கூட அதில் எழுத வேண்டி வந்தது என்றால் பாருங்கள்! இங்கிலாந்திலும் இதே கதைதான். 1890-களில் லெம்மன் என்பவருடைய மரக்கிளைகள் தன் இடத்துக்கு மேல் நீண்டிருக்கின்றன என்று பக்கத்து இடத்துக்காரர் வெப் வெட்டிவிட, வழக்கு அந்த நாட்டின் உச்ச மன்றமான பிரபுக்கள் சபை வரைக்கும் போனது. தன் இடத்துக்குள் நின்றபடி, எல்லை தாண்டி வந்த கிளையை வெட்டலாம் என்று தீர்ப்பு ஆனது. தீர்ப்பு வந்தது சரி. அதற்குப் பிறகு அந்த ரெண்டு வீட்டாரும் முகம் கொடுத்துப் பேசியிருப்பார்களா?

"அளக்கக் கூப்பிட்டால் சந்தேகப்படுகிறோம் என்று நினைப்பார்களே" என்று சில தோழிகள் கேட்கிறார்கள். பால்காரரிடம் அளந்துதான் பால் வாங்குகிறோம். நகைக்கடையில் தராசைப் பார்த்துத்தான் பணம் கொடுக்கிறோம். அதில் யாருக்கு அவமரியாதை? ராஜராஜ சோழன் ஆயிரம் வருஷத்துக்கு முன்னாலேயே நாட்டு நிலத்தை எல்லாம் அளக்க வைத்தான். அளந்து வாழ்வது நமக்குப் புதுசு இல்லை. தாயும் பிள்ளையும் ஆனாலும் வாயும் வயிறும் வேறு என்று நம் பெரியவர்கள் சும்மா சொல்லவில்லை.

இன்னொரு விஷயம், அளவிலும் கொஞ்சம் நிதானம் வேண்டும். பழைய நாளில் சங்கிலி போட்டுத்தான் நிலத்தை அளந்தார்கள். ஒரு சங்கிலி 66 அடி, அதில் 100 லிங்க். அப்படியென்றால் ஒரு லிங்க் 7.92 அங்குலம். அந்தக் கணக்கில் எழுதிய பழைய அளவை வைத்துக்கொண்டு ரெண்டு அங்குலத்துக்கு அடித்துக்கொள்வது, படிக்கணக்கில் வாங்கின அரிசியை மணிக்கணக்கில் எண்ணுவது மாதிரி. பெரிய வித்தியாசம் என்றால் கேளுங்கள். விரல் கடை வித்தியாசம் என்றால், ரெண்டு பேரும் ஒப்புக்கொள்கிற கோட்டைப் போட்டு எழுதிக்கொள்ளுங்கள்.

எல்லைத் தகராறில் மாட்டிக்கொண்ட சகோதரிகளுக்கு நான் தெரிந்துகொண்ட சில விஷயங்கள்:

1. தகராறு தொடங்கிய அன்றே, இருக்கிற வேலியை, மரத்தை, கல்லைப் பிள்ளைகளை விட்டுப் போட்டோ எடுத்து வையுங்கள். அளக்கிற வரைக்கும் யாரும் எதையும் பிடுங்குவதில்லை, வெட்டுவதில்லை என்று பேசி முடியுங்கள்.

2. சர்வே கல் இருந்தால் அதைத் தொடவே கூடாது. அரசாங்கம் நட்ட எல்லைக்கல்லை நகர்த்தினால் ஓராண்டு வரை சிறைத் தண்டனைக்கு இடம் உண்டு. நம் நிலத்து எல்லைக் கற்களைப் பாதுகாப்பது நிலத்துக்காரர் பொறுப்பு என்கிறது 1923-ஆம் வருஷத்து நில அளவை, எல்லைகள் சட்டம். அதன்மேல் துணி துவைப்பது, குப்பையைக் கொட்டி மூடுவது எல்லாம் வேண்டாம்.

3. அளக்கும் தேதி பக்கத்து நிலக்காரருக்கும் தெரிய வேண்டும். அவர்களுக்கும் நோட்டீஸ் போகும். இருந்தாலும் நீங்களும் ஒரு வார்த்தை நேரில் சொல்லுங்கள். அவர்கள் இல்லாமல் அளந்த அளவை அவர்கள் மனசு ஏற்காது.

4. கிளை நம் பக்கம் வந்துவிட்டது என்பதற்காக அடுத்தவர் தோட்டத்துக்குள் ஏறிக் குதித்து வெட்டக்கூடாது. சொல்லிவிட்டு வெட்டுங்கள். மரமே சாய்ந்து ஆளைக் கொல்லும்போல் இருந்து, சொல்லியும் கேட்காவிட்டால், வருவாய்த்துறையின் நிர்வாக நடுவரிடம் மனுக் கொடுக்கலாம். மரத்தை அகற்றச் சொல்லும் அதிகாரம் அவருக்குச் சட்டத்திலேயே இருக்கிறது.

5. கோபத்தில் ராத்திரியோடு ராத்திரியாகச் சுவர் எழுப்பாதீர்கள். குறிப்பாக எங்களைப் போல் கோட்டை ஊரில் இருப்பவர்கள் கவனிக்க வேண்டும். 2010-ஆம் வருஷத்துத் திருத்தச் சட்டப்படி, பாதுகாக்கப்பட்ட சின்னத்தைச் சுற்றி 100 மீட்டருக்குள் புதிதாகக் கட்டத் தடை. அதற்கு அப்பால் 200 மீட்டர் வரைக்கும் அனுமதி வாங்கித்தான் கட்டலாம். 2025 ஜூலையில் எங்கள் கோட்டை யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலிலும் சேர்ந்துவிட்டது. பக்கத்து வீட்டுக்காரரை மறைக்கக் கட்டிய சுவர், தொல்லியல் துறை நோட்டீஸில் போய் முடியக்கூடாது.

6. பேசித் தீராவிட்டால் நேரே வழக்குக்குப் போகாமல் உங்கள் ஊர் கோர்ட் வளாகத்தில் சட்டப் பணிகள் குழு எங்கே என்று கேளுங்கள். 1987-ஆம் வருஷத்துச் சட்டப்படி பெண்களுக்கு, வருமானம் எவ்வளவு என்று பார்க்காமலே, இலவசச் சட்ட உதவி உண்டு. ஏற்கெனவே வழக்கு நடந்துகொண்டிருந்தால் மக்கள் நீதிமன்றத்தில் சமரசம் பேசலாம். அங்கே முடிந்தால் மேல்முறையீடு கிடையாது, கட்டின கோர்ட் கட்டணமும் திரும்பக் கிடைக்கும்.

எல்லாப் பக்கத்து வீட்டாரும் எங்கள் அக்காவைப் போல் இருப்பார்கள் என்று நான் சொல்ல வரவில்லை. ஆள்பலம் இருக்கிறது, பணபலம் இருக்கிறது என்று வேண்டுமென்றே வேலியைத் தள்ளிப் போடுகிறவர்களும் இருக்கிறார்கள். தனியாக இருக்கிற பெண்கள், கணவரை இழந்தவர்கள், வெளிநாட்டில் கணவர் இருக்கிறவர்கள்தான் அவர்கள் கண்ணுக்கு முதலில் படுவார்கள். அப்படிப்பட்ட சகோதரிகளுக்கு அளவும் காகிதமும் இன்னும் அவசியம். யாராவது நீட்டுகிற வெற்றுத் தாளில் கையெழுத்துப் போடாதீர்கள். "நான் பார்த்துக்கிறேன்" என்று சொல்கிற உறவுக்காரரிடம் அசல் பத்திரத்தைக் கொடுத்துவிடாதீர்கள், நகல் கொடுத்தால் போதும். அடிதடி, மிரட்டல் என்று வந்தால் போலீசுக்குப் போங்கள். ஆனால் எல்லை எது என்று தீர்மானிப்பது போலீஸ் ஸ்டேஷன் வேலை இல்லை என்பதையும் நினைவில் வையுங்கள். சமாதானம் என்பது பயந்துபோய்ப் பின்வாங்குவது இல்லை. நம் கோடு எங்கே என்று தெரிந்து நிற்பதுதான் சமாதானம்.

ஆண்களை நான் குறை சொல்லவில்லை. அவர்களுக்கு ரோஷம் குறுக்கே வந்துவிடுகிறது. "நாம் போய் முதலில் பேசுவதா?" என்று நிற்கிறார்கள். நமக்கு அந்தக் கஷ்டம் கிடையாது. குழம்புக் கிண்ணத்தைத் திருப்பிக் கொடுக்கிற சாக்கில் போய்ப் பேச்சை ஆரம்பிக்க நமக்குத் தெரியும். அந்தக் கிண்ணத்தோடு இந்தத் தடவை பத்திர நகலையும் எடுத்துக்கொண்டு போங்கள் என்றுதான் சொல்கிறேன்.

ஆகவே சகோதரிகளே, தகராறு வரட்டும் என்று காத்திருக்க வேண்டாம். நல்லபடியாகப் பேசிக்கொண்டிருக்கும்போதே இந்த வாரம் பீரோவைத் திறந்து பத்திரத்தை எடுத்து, நான்கெல்லையை ஒரு தடவை வாய்விட்டுப் படியுங்கள். சர்வே நம்பரைக் காலண்டர் ஓரத்தில் எழுதி வையுங்கள். வேலி சாயும் முன்பே கல் எங்கே இருக்கிறது என்று பக்கத்து வீட்டுக்காரரோடு சேர்ந்து போய்ப் பாருங்கள். மண் எங்கேயும் ஓடிப் போகாது. ஒரு தடவை முறிந்த மனசை அளந்து நேராக்க மட்டும் எந்த சர்வேயராலும் முடியாது.

- செஞ்சியிலிருந்து ஒரு வாசகி